ஸ்போர்ட்ஸ் காருக்கு 100 ஆக்டேன் போட்டால் பிக்கப் கூடுமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஆக்டேன் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதுதான் விஷயம். ‘மினிமம் 91’ என்றால் அதற்குக் கீழே போடக்கூடாது என்று பொருள். ‘ரெக்கமெண்டட் 98, மினிமம் 95’ என்றால் 95-லும் ஓடும், ஆனால் விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன் 98-ல் மட்டுமே வரும். போர்ஷே 911-இன் கையேடு இப்படித்தான் சொல்கிறது: 98 போட்டால் முழுத் திறன், 95 போட்டால் இன்ஜினே தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளும்.

அந்த எண் எந்த அளவுகோலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எங்கும் ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) கணக்குதான். அமெரிக்காவில் ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) இரண்டின் சராசரியைப் பம்பில் எழுதுவார்கள். அவர்களுடைய 87 நம்முடைய 91–92. அவர்களுடைய 91 நமக்குச் சுமார் 95–96, அவர்களுடைய 93 சுமார் 98. அமெரிக்கக் கையேட்டிலோ வீடியோவிலோ ‘91 போடு’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டு இங்கே 91 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நான்கைந்து எண் குறைவாகப் போட்டுவிட்டு, கார் சோம்பலாக இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுவார்கள்.

ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. 91-லும் 100-லும் கிலோவுக்கு உள்ள எரிசக்தி ஏறக்குறைய ஒன்றுதான், 43 மெகாஜூல் சுற்றுவட்டாரம். ஆக்டேன் அளப்பது வேறொன்றை: அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அந்தக் கலவையோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்த்தால் இது பிடிபடும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டே போகிறது. இன்னும் எரியாத கலவை சுவர் ஓரமாக நசுங்கிச் சூடேறுகிறது. தீ அங்கே போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். 86 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள இன்ஜினில் அந்த அதிர்வு நொடிக்கு 6,000–7,000 முறை. காதுக்கு, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல் கேட்கும். பழைய கார்களில் மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் இது தெளிவாகக் கேட்கும். இப்போதைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் நம் காதுக்கு எட்டும் முன்பே பிடித்துவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. உடனே தீப்பொறியை, கிராங்க் சுழற்சிக் கணக்கில், இரண்டு மூன்று டிகிரி தாமதப்படுத்தும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். மறுபடி தட்டினால் மறுபடி பின்வாங்கும்.

நாம் காசு கொடுத்து வாங்கும் லாபமும் இந்த இரண்டு மூன்று டிகிரிக்குள்தான் இருக்கிறது. தீப்பொறி சரியான நேரத்துக்குப் பிந்தினால், பிஸ்டன் அதிகம் கீழே இறங்கிவிட்ட பிறகே அழுத்தம் உச்சம் தொடுகிறது. தள்ள வேண்டிய வேலை வெப்பமாகச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஆக்டேன் கூடினால் இ.சி.யூ. அந்த டிகிரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள அதன் மேப்பில் (எப்போது பற்றவைப்பது என்று அதற்குள் எழுதியிருக்கும் அட்டவணையில்) இடம் இருந்தால்தான். 91-க்கே முழு அட்வான்ஸும் (தீப்பொறியை முன்கூட்டி விடும் அளவும்) கிடைத்துவிடுகிற இன்ஜினில் 100 போட்டாலும் அது கேட்பதற்கு ஒன்றுமில்லை. கெடுதலும் இல்லை, காசு மட்டும் போகும்.

எந்தக் கார் கேட்கும் என்பதைக் கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பதை) மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 911 ஜி.டி.3-க்கு 13.3, 2018-க்குப் பிந்தைய மஸ்டாங் ஜி.டி.க்கு 12. இரண்டும் நல்ல பெட்ரோலுக்குப் பலன் தரும் இன்ஜின்கள். ஆனால் நம் ஊர் பலேனோவின் டூயல்ஜெட் இன்ஜினுக்கும் 12 தான். அது சாதாரண பெட்ரோலிலேயே நிம்மதியாக ஓடும்படி செய்யப்பட்டது. டர்போ கார்களில் கதையே வேறு. ரேஷியோ பத்துதான் இருக்கும், ஆனால் டர்போ ஒரு பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், உள்ளே தள்ளினால் சிலிண்டருக்குள் அடைபடும் காற்று ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிய பிறகு, சித்திரை வெயிலில், சென்னை ஓ.எம்.ஆர். நெரிசலில் அரைமணி நேரம் நின்ற பிறகு மிதித்தால் நாக் சென்சாருக்கு ஓயாத வேலை. ஆக்டேன் கூடினால் அதிகம் பயன்பெறுவது இந்தக் கார்கள்தான், அதுவும் வெயில் காலத்தில்.

எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2017-ல், பிரீமியம் ‘பரிந்துரைக்கப்பட்ட’ (கட்டாயமில்லாத) கார்களைச் சோதித்தபோது சராசரியாகக் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் மைலேஜ் 2.7 சதவீதமும் கூடின. 300 குதிரைத்திறன் காரில் நான்கு குதிரை. அதற்கு முந்தைய ஆண்டு, சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த கார்களில் பிரீமியம் போட்டுப் பார்த்ததில் சொல்லும்படியான லாபமே இல்லை. 98-க்கு மேப் செய்த கடும் பூஸ்ட் கார்களில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனாலும் ‘100 போட்டேன், சீட்டில் அமுக்கியது’ என்று யாராவது சொன்னால், அமுக்கியதில் பாதி பில் தொகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் பி.எஸ்.2 காலத்தில் சாதாரண பெட்ரோல் 88, பி.எஸ்.6-ல் 91. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108.5 என்பதால், 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 95-ஐத் தொடுகிறது என்பது பெட்ரோலிய அமைச்சகம் சொல்லும் கணக்கு. அப்படியானால் பங்கில் ‘95’ என்று பெயர் வைத்து லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாக விற்பதில் ஆக்டேனுக்காகக் கொடுப்பது ஒன்றுமில்லை. உள்ளே சேர்த்திருக்கும் கிளீனருக்குத்தான் அந்தக் காசு. உண்மையில் மேலே போக வேண்டுமானால் 97, 99, 100 என்று எழுதியதைத்தான் தேட வேண்டும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100 இந்த வகை. விலை சாதாரணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இலங்கையில் 92, 95. மலேசியாவில் 95, 97. சிங்கப்பூரில் 92, 95, 98 என்று பம்பிலேயே எண் தெளிவாக இருப்பதால் அங்கெல்லாம் இந்தத் தொல்லை குறைவு.

எத்தனால் ஆக்டேனைத் தூக்கிவிடுகிறது, ஆவியாகும்போது கலவையைக் குளிரவும் வைக்கிறது. இரண்டும் நாக்கிங்குக்கு நல்லது. ஆனால் அதில் எரிசக்தி கிலோவுக்குச் சுமார் 27 மெகாஜூல்தான். எனவே இ20 லிட்டருக்கு ஆறேழு சதவீதம் குறைவான சக்தியைத் தருகிறது. பிக்கப் கெடாமல் மைலேஜ் மட்டும் குறைந்தால் காரணம் இதுதான். நீங்கள் வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பார்க்க லேப் வேண்டாம். 100 மி.லி. அளவுக் குடுவை ஒன்று போதும். திறந்தவெளியில், அருகில் நெருப்போ பீடியோ இல்லாமல், 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, வாயை மூடி நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். அடியில் தெளிவான கோடு ஒன்று விழும். அது 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 26, 28 என்று ஏறியிருந்தால் அந்தக் கூடுதல் 16–18 மி.லி.தான் எத்தனால், 90-க்கு 18 என்றால் இருபது சதவீதம். தோராயம்தான், ஆனால் இ0-வா, இ10-ஆ, இ20-யா என்று பிரித்தறியப் போதும். சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

இனி உங்கள் காரில் சோதிப்பது. தேவையானவை: காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் ஒன்று, போன் ஆப் ஒன்று, நேரத்தை அளக்க ஜி.பி.எஸ். லாகர் ஒன்று, காற்று அழுத்த மானி ஒன்று. மலிவான இ.எல்.எம்.327 ரீடர் போதும். ஆனால் அதன் வேகம் குறைவு. பதினைந்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் நொடிக்கு ஒரு புள்ளிகூட வராது. ஆர்.பி.எம்., இக்னிஷன் அட்வான்ஸ், உள்ளே வரும் காற்றின் வெப்பம், இன்ஜின் லோடு: இந்த நான்கு மட்டும். சிலிண்டர் வாரியாக எத்தனை டிகிரி பின்வாங்கியது என்பது பொதுவான ஓ.பி.டி. பட்டியலில் வராது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி என்றால் வி.சி.டி.எஸ். அல்லது ஓ.பி.டி. லெவன், பி.எம்.டபிள்யூ. என்றால் பிம்மர்லிங்க் மாதிரியான தனி ஆப் வேண்டும். ஃபோர்டு ஈகோபூஸ்டில் ஓ.ஏ.ஆர். என்று ஒரு எண் உண்டு: −1 என்றால் ‘நல்ல பெட்ரோல் என்று கற்றுக்கொண்டேன்’, +1 பக்கம் போனால் ‘மோசம்’. சுபாருவில் அதற்கு நேர்மாறான அமைப்பு, 1.0 தான் நல்லது. அதிலிருந்து இறங்கியிருந்தால் இன்ஜின் பயந்துபோயிருக்கிறது.

டேங்க் ரிசர்வ் விளக்கு எரியும்வரை இறங்கட்டும். மிச்சப் பெட்ரோல் கலப்பதைக் கணக்குப் பார்த்தால் ஏன் என்று தெரியும். 91 பெட்ரோல் 15 லிட்டர் கிடக்க, மேலே 100 பெட்ரோல் 35 லிட்டர் ஊற்றினால் டேங்கில் இருப்பது சுமார் 97. மூன்று எண் போச்சு. 5 லிட்டர் மட்டும் கிடந்து மேலே 45 லிட்டர் ஊற்றினால் 99-க்கு மேல் நிற்கும். நிரப்பிய உடனே பந்தயம் கட்டாதீர்கள். பழைய பெட்ரோலுக்குப் பழகிய திருத்தங்களை இ.சி.யூ. மெல்லத்தான் விடும். 100–150 கி.மீ. கலவையாக ஓட்டுங்கள், இடையிடையே முழு மிதியும் இருக்கட்டும். மிதிக்காமலே ஓட்டினால் அது கற்றுக்கொள்ளச் சந்தர்ப்பமே கிடைக்காது.

சோதனையைப் பொதுச் சாலையில் வைக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை தடமோ, கோவை கரி ஸ்பீட்வேயோ டிராக் டே நடத்தும் நாளில் போகலாம். அல்லது ரோலர் டைனோ (உருளைகள்மேல் காரை ஓட்டித் திறனை அளக்கும் கருவி) உள்ள பட்டறையில் மணிக்கணக்கில் வாடகை எடுக்கலாம். ஓட்டத்தை நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், மூன்றாவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் உருட்டி, மிதியை அடிவரை அழுத்தி 6,000 வரை விடுங்கள். கிளட்ச், வீல் ஸ்பின், கியர் மாற்றும் திறமை எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடில் பூட்டிக்கொள்ளுங்கள். ஏ.சி. அணைந்திருக்க வேண்டும். டயர் அழுத்தம் குளிர்ந்த நிலையில் ஒரே எண். இரண்டு திசையிலும் மூன்று மூன்று ஓட்டம், நடுவில் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டி இன்டர்கூலரை ஆறவிடுங்கள்.

இதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். காற்று 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. அதிகாலையில் 100-ஐயும் மதியம் சாதாரணத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 100-க்கு மாலை போட்டால், அந்த மாலை விடியற்காலைக்குச் சேர வேண்டியது. அதேபோல் 30 லிட்டர் பெட்ரோல் 22 கிலோ எடை. 1,500 கிலோ காரில் ஒன்றரை சதவீதம். நீங்கள் தேடும் லாபமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! எனவே இரண்டு சோதனையிலும் டேங்க் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், காற்றின் வெப்பம் மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போகட்டும். கடைசியாக மறுபடி சாதாரணப் பெட்ரோலுக்குத் திரும்பி, 100 கி.மீ. ஓட்டி, அதே சோதனையை மூன்றாம் முறை செய்யுங்கள். முதல் முறையும் மூன்றாம் முறையும் ஒத்துவந்தால்தான் நடுவில் கிடைத்த எண்ணுக்கு மதிப்பு. இந்தத் திரும்பும் சோதனையைச் செய்பவர்கள் நூற்றில் ஐந்து பேர் இருந்தால் அதிசயம்.

ரீடர் பதிவு செய்த லாகை எப்படிப் படிப்பது? நேரத்தை அப்புறம் பாருங்கள், அட்வான்ஸை முதலில் பாருங்கள். உதாரணத்துக்கு, 4,500 ஆர்.பி.எம்.மில் முழு மிதியில் சாதாரணத்தில் 11 டிகிரி, 100-இல் 15 டிகிரி என்று வந்தால் இன்ஜின் உண்மையிலேயே அந்தப் பெட்ரோலைப் பயன்படுத்துகிறது. இரண்டிலும் 17 என்று ஒரே கோடாக இருந்தால் அங்கேயே கடையைக் கட்டலாம். நேரத்தில் தெரிவது வெறும் ஏற்ற இறக்கம். ஆறு நொடி எடுக்கும் ஓட்டத்தில் 2 சதவீத லாபம் என்பது 0.12 நொடி. அதே பெட்ரோலில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்துக்கு நடுவிலேயே 0.1 நொடி ஆடும். அதனால்தான் சீட்டின் சாட்சியை ஏற்க முடியாது.

சிலிண்டர் வாரியான எண் கிடைத்தால் இன்னும் நல்லது. நாம் மிதிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கித் திரும்புவது இயல்பு, மேப் விளிம்பில் ஓடுகிறது என்று பொருள். நான்கும் ஒரே மாதிரி 5, 6 டிகிரி பின்வாங்கினால் பெட்ரோலின் ஆக்டேன் போதவில்லை, அல்லது காற்று மிகச் சூடு. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் எப்போதும் பின்வாங்கினால் பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். அந்த சிலிண்டரின் பிளக், இன்ஜெக்டர், உள்ளே படிந்த கரி என்று தேடுங்கள். பிளக் இடைவெளியைப் பாருங்கள். டர்போவுக்குப் பெரும்பாலும் 0.7–0.8 மி.மீ. கேட்கும். கடைக்காரர் தந்த சூடான வகைப் பிளக் (நுனிச் சூட்டை மெதுவாக வெளியேற்றுவது) போட்டிருந்தால் அதுவே நாக்கிங்குக்கு விதை.

ஆக்டேன் தீர்க்காத நோய் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) இன்ஜின்களில், 1,500 ஆர்.பி.எம்.மில் ஐந்தாவது கியரில் அடிவரை மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எண்ணெய்த் துளியோ கரித்துகளோ கலவையைப் பற்றவைத்துவிடும். இதற்கு எல்.எஸ்.பி.ஐ. (குறைந்த வேகத்தில் முன்கூட்டியே பற்றிக்கொள்வது) என்று பெயர். தீப்பொறியைத் தள்ளிப்போட்டு இதைத் தடுக்க முடியாது, தீப்பொறியே காரணமில்லையே. பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மேடு உடைவது பெரும்பாலும் இதனால்தான். மருந்து: ஏ.பி.ஐ. எஸ்.பி. தர ஆயில், கியரை இறக்கி மிதிக்கும் பழக்கம். 100 ஆக்டேனை நம்பி இந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரியையும் எந்தப் பவர் பெட்ரோலும் கழுவாது. பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை. வால்நட் ஓட்டுத் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் ‘30 பாயிண்ட் கூடும்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்றால் 0.1. ஆக 91 என்பது 94 ஆகும், 121 ஆகாது. அதுவும் சொன்ன அளவு டேங்குக்கு முழுப் பாட்டிலும் ஊற்றினால். மாங்கனீஸ் கலந்த பூஸ்டர்கள் பிளக்கின் பீங்கானில் செங்கல் நிறத்தில் படியும்; தொடர்ந்து ஊற்றினால் மிஸ்ஃபயர், பிறகு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. 98 கேட்கும் காரை எடுத்துக்கொண்டு 100 கிடைக்காத ஊருக்குப் போகும்போது அவசரத்துக்கு ஒரு பாட்டில் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தின்னர், டொலுவீன், விமான பெட்ரோல் என்று யோசனை சொல்பவர்களிடமிருந்து காரைத் தள்ளி நிறுத்துங்கள். ஏவ்கேஸ் 100எல்.எல்.லில் ஈயம் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

காரை ஸ்டேஜ் 1 ரீமேப் (வேறு பாகம் மாற்றாமல் இ.சி.யூ. மேப்பை மட்டும் மாற்றி எழுதுவது) செய்யப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் முடிவை அதற்கு முன்பே எடுங்கள். ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை குதிரை என்பது இல்லை, எந்தப் பெட்ரோலில் டைனோ போட்டீர்கள் என்பது. 100-இல் எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு திண்டுக்கல் தாண்டி ஏதோ ஒரு பங்கில் கிடைத்ததை ஊற்றினால், கம்பெனி மேப்பில் இருந்த பாதுகாப்பு விளிம்பு அங்கே இல்லை. நீண்ட பயணம் போகிறவர்கள் இரண்டு மேப் கேட்டு வாங்குங்கள், சாதாரணத்துக்கு ஒன்று, 100-க்கு ஒன்று.

98 கேட்கும் காரில் தவறிச் சாதாரணத்தை நிரப்பிவிட்டால் பதற வேண்டாம், டேங்கை இறக்க வேண்டியதில்லை. ஆர்.பி.எம்.மை 4,000-க்குள் வைத்து, பாதி மிதிக்கு மேல் போகாமல், மேட்டில் கியரை இறக்கி ஓட்டுங்கள். கால் டேங்க் குறைந்ததும் கிடைக்கும் இடத்தில் 100 ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தால் ஐந்தாறு நிரப்பலில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடும். தகர டப்பாச் சத்தம் காதுக்கே கேட்டால் மட்டும் உடனே மிதியை விடுங்கள், இன்ஜினை ஆறவிட்டு மெதுவாகவே பங்குவரை போங்கள்.